வெற்றுக் கூட்டிலிருந்து சாலை வரை: பழைய ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே மீட்டெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எஞ்சின் இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை, வயர் ஒன்றுகூட இல்லை. நான்கு ஸ்டாண்டுகளின் மேல் தகட்டுக் கூடு மட்டும் நிற்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டிலேயே மீட்டெடுக்க முனைபவர் இந்தக் காட்சியைக் கண்டு மலைத்துப்போவது இயல்பே. ஆயினும், பாதி பிரித்துப்போட்ட காரைவிட இந்த வெற்றுக் கூடே நல்ல தொடக்கம் என்பேன். ஏனெனில் கார்பெட்டுக்கும் தார்ப்பூச்சுக்கும் அடியில் பல ஆண்டுகளாக மறைந்திருந்த துருவில் பெரும்பகுதி இப்போது கண்ணெதிரே வந்துவிடுகிறது, எதை வாங்க வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று தெளிவாகக் கணக்குப் போட முடிகிறது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்தது: ஒரே காரை இரண்டு முறை பூட்ட வேண்டும், அதாவது பாகங்களை இரண்டு முறை மாட்டிச் சேர்க்க வேண்டும். முதல் முறை, பெயிண்டைத் தொடுவதற்கு முன், வெறும் தகடாக இருக்கும்போதே. இரண்டாம் முறை, பெயிண்ட் காய்ந்த பிறகு. முதல் பூட்டலைத் தவிர்த்துவிட்டு நேராகப் பெயிண்டுக்குப் போனவர்கள், பளபளக்கும் புதுப் பரப்பின்மேல் அரத்தையும் டிரில்லையும் வைக்கும் நிலைக்கு ஆளாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற, நிலையான கூரை இல்லாத பிரிட்டிஷ் காரை எடுத்துக்கொள்கிறேன். 1962 முதல் 1980 வரை, கூரையுள்ள ஜி.டி. வகையையும் சேர்த்து, 5 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான கார் இது. உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் இதன் முழு பாடி ஷெல்லையே பழைய அச்சுகளைக் கொண்டு புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை ஏறத்தாழ இதேதான், அளவுகள்தாம் மாறும். அதனால் அந்தந்த மாடலுக்குரிய தொழிற்சாலைப் பழுதுபார்ப்புக் கையேட்டை முதலில் வாங்கிவிட வேண்டும்.

பாரத்தைத் தாங்குவது எது?

கிரைண்டரைக் கையில் எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ், அதாவது பாரம் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது, பாடியே சேஸிஸ். கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நீளும் பெட்டிப் பகுதியை சில் என்கிறோம். கூரை இல்லாத காரில் இந்த இரண்டு சில்களும் நடுவிலுள்ள கியர்பாக்ஸ் சுரங்கமும் சேர்ந்துதான் காரை வளையாமல் பிடித்து நிறுத்துகின்றன. வெளியே தெரிவது ஒரே ஒரு தகடு. உள்ளே வெளிச் சில், நடுத் தகடு, உட்சில், அடியில் கோட்டைச் சுவர்போல மடிந்த ஒரு பட்டை என்று நான்கு அடுக்குகள் ஒன்றோடொன்று சேர்கின்றன. வெளித் தகட்டை மட்டும் மாற்றி, உள்ளே இற்றுப்போன மூன்றையும் அப்படியே விட்டு மூடிய கார்கள் ஏராளம். அவை பார்க்க அழகாக இருக்கும், மோதலில் தாங்காது.

லோட்டஸ் எலானில் கண்ணாடியிழை பாடிக்கு அடியில் எஃகு முதுகெலும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது அந்தச் சட்டத்தின் துருவையும் விரிசலையும். ஜாகுவார் இ-டைப்பில் நடுப்பகுதி பெட்டிக்கூடு, முன்பகுதியோ சதுரக் குழாய்களால் ஆன தனிச் சட்டம். அந்தக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிப்பதால் வெளித்தோற்றத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. உங்கள் காரின் எலும்பு எது, தோல் எது என்று ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். எலும்பில் கைவைக்கும்போது ஒரு விதி, தோலில் கைவைக்கும்போது இன்னொரு விதி.

சேஸிஸ் எண் பொறித்த தகட்டையும், எண் குத்தப்பட்ட இடத்தையும் முதல் நாளே படமெடுத்து வைக்க வேண்டும். அந்தப் பகுதியை வெட்டுவதோ கூட்டையே மாற்றுவதோ பதிவில் சிக்கலை உண்டாக்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே பதிவு அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிவது நல்லது.

இடமும் கருவிகளும்

காரைச் சுற்றி ஒரு மீட்டராவது நடக்க இடம், கெட்டியான சமதளத் தரை, நல்ல வெளிச்சம், காற்றோட்டம் ஆகியவை போதும். பிரித்த காருக்கு நின்ற காரைப்போல இரு மடங்கு இடம் வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கருவிகளில் நான் விட்டுக்கொடுக்காதவை மூன்று: வாயுவுடன் இயங்கும் மிக் வெல்டிங் இயந்திரம் (கம்பியைத் தானே ஊட்டி உருக்குவது), போல்ட்டின் இறுக்கத்தை அளந்து காட்டும் நம்பகமான டார்க் ரெஞ்ச், தரமான ஸ்டாண்டுகள். கூட்டைப் பக்கவாட்டில் சுழற்றும் சட்டம் கிடைத்தால் அடிப்பகுதி வெல்டிங் எளிதாகும். தலைக்கு மேல் வெல்டிங் செய்து தீப்பொறியைக் கழுத்தில் வாங்க வேண்டியதில்லை. ஆனால் சில் இற்றுப்போன கூட்டைச் சுழற்றுச் சட்டத்தில் ஏற்றக் கூடாது. தன் எடையிலேயே அது வளைந்துவிடும். முதலில் சில், பிறகுதான் சுழற்று.

பழைய பெயிண்டிலும் பாடி இணைப்புகளில் ஊற்றப்பட்ட நிரப்பிலும் ஈயம் இருக்கும். பழைய பிரேக், கிளட்ச் லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். இவற்றைக் காற்றழுத்தத்தால் ஊதுவதோ உலர்வாகத் தேய்ப்பதோ கூடவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து, உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பழைய பெட்ரோல் டேங்கை எத்தனை முறை கழுவியிருந்தாலும் அதில் வெல்டிங் வைக்க வேண்டாம். புது டேங்க் வாங்குங்கள்.

பாகங்களின் கணக்கு

கூட்டோடு பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்திருந்தால், ஒரு முழு வாரம் அவற்றுக்காகவே ஒதுக்குங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கையேட்டின் விரிபடத்தோடு ஒப்பிட்டு, இருப்பவை, சரிசெய்ய வேண்டியவை, இல்லாதவை என்று பேரேடு எழுதுங்கள். போல்ட்டுகளைச் சிறு பைகளில் இட்டு, எங்கிருந்து வந்தது என்று சீட்டெழுதி உள்ளேயே போடுங்கள். பையின் வெளியே எழுதிய மை எண்ணெய் பட்டால் அழிந்துவிடும். துருப்பிடித்த பழைய பாகத்தையும் காரியம் முடியும்வரை எறிய வேண்டாம். புதிதாக வந்த பாகத்தில் துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், எது சரி என்று சொல்ல அந்தப் பழைய துண்டு ஒன்றுதான் சாட்சி.

அளவெடுத்தலும் முட்டுக்கொடுத்தலும்

கூடு நேராக இருக்கிறதா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ரசமட்டத்தை வைத்துக் கூட்டை மட்டப்படுத்துங்கள். சஸ்பென்ஷன் பூட்டும் துளைகளின் நடுவிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, முனை தொடும் இடத்தைத் தரையில் சாக்கட்டியால் குறியிடுங்கள். இடது முன்னிலிருந்து வலது பின், வலது முன்னிலிருந்து இடது பின் என்று மூலைவிட்டங்களை அளந்தால், இரண்டும் ஒத்திருக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கூடு ஒருகாலத்தில் அடிபட்டது என்று கொள்ளலாம். எம்.ஜி.பி.யின் முன்பின் சக்கர அச்சுகளுக்கிடையிலான தூரம் 2311 மில்லிமீட்டர். இரு பக்கமும் அது சமமாக வருகிறதா என்பதையும் சரிபாருங்கள்.

அடுத்தது கதவு. மீட்டெடுப்புப் பணி முழுவதிலும் எனக்கு அளவுகோலாக இருப்பது கதவு இடைவெளிதான். கீல்களையும் கதவையும் மாட்டி, மூடி, 4 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒன்றின் வழவழப்பான தண்டுப் பகுதியை இடைவெளிக்குள் நுழைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பாருங்கள். எங்கே உராய்கிறது, எங்கே ஆடுகிறது என்று விரல் நுனிக்கே தெரிந்துவிடும். தளர்வாக ஓடும் இடத்தில் 5, பிறகு 6 மில்லிமீட்டர் பிட்டை மாற்றி, ஒவ்வோர் அங்குலத்துக்கும் கிடைத்த அளவைக் கூட்டின்மேலேயே மார்க்கரால் எழுதுங்கள்.

அந்த எண்கள் எழுதியபின், கதவு நிலையின் முன்தூணையும் பின்தூணையும் இணைத்து மேலும் கீழும் இரு இரும்புக் குழாய்களை வெல்டிங்கால் முட்டுக்கொடுங்கள். இடது தூணிலிருந்து வலது தூணுக்குக் குறுக்கே ஒன்றும் வேண்டும். கதவைத் திறந்து மூடத் தடையாகாதபடி முட்டுகளை உட்பக்கமாக வையுங்கள். கூட்டைத் தாங்கும் ஸ்டாண்டுகள் சஸ்பென்ஷன் பூட்டும் இடங்களுக்கு அடியில் நிற்க வேண்டும். அதாவது சாலையில் கார் எங்கே பாரத்தைத் தாங்குகிறதோ அங்கேயே. என் முதல் காரில் கீழ் முட்டு ஒன்றே போதும் என்று எண்ணி இரு பக்கச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டினேன். புதுச் சில்லை முழுவதும் வெல்டிங் செய்து முடித்த அன்று மாலை கதவை மாட்டினால், பின்தூண் 5 மில்லிமீட்டர் முன்னே சாய்ந்திருந்தது. கதவின் மேல்மூலை தூணில் இடித்தது. வைத்த வெல்டிங் புள்ளிகள் அத்தனையையும் திரும்பத் துளையிட்டுப் பிரிக்க நான்கு வார இறுதிகள் ஆயின. ஒரு பக்கம் முடிந்து, கதவு சரிபார்த்த பிறகே மறுபக்கத்தில் கைவைக்க வேண்டும் என்பது அன்று முதல் எனக்குக் கட்டாய விதி.

பழைய பூச்சை நீக்குதல்

அடிப்பகுதி, எஞ்சின் அறை, சக்கர வளைவுகள் போன்ற தடித்த, மடிப்புகள் நிறைந்த இடங்களுக்குத் துகள் வீச்சு, அதாவது காற்றழுத்தத்தால் துகள்களை அடித்துப் பூச்சை உரிப்பது, ஏற்றது. பெரிய தட்டைத் தகடுகளில் அதைப் பயன்படுத்தினால் துகள்களின் அடியால் தகடு விரிந்து அலையலையாகிவிடும்; பின்னர் எவ்வளவு பட்டி பார்த்தாலும் சரியாகாது. கதவுத் தகடு, பானட், டிக்கி மூடி ஆகியவற்றுக்கு இரசாயன நீக்கியும் பொறுமையுமே வழி. தொடக்ககால எம்.ஜி.பி. கார்களின் பானட் அலுமினியம் என்பதால் அதில் கூடுதல் கவனம் தேவை. ஆற்று மணலைத் துகளாகப் பயன்படுத்தக் கூடாது. அதன் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும். கார்னெட் அல்லது அலுமினியம் ஆக்சைடு துகள்கள் போதும்.

அமிலத் தொட்டியில் கூட்டை முழுவதுமாக மூழ்கவைக்கும் முறையும் உண்டு. மூடிய பெட்டிப் பகுதிகளின் உட்புறம்வரை துருவை எடுப்பது அதன் பலம். மடிப்புகளுக்குள் தங்கும் அமிலம் சரியாக நடுநிலையாக்கப்படாவிட்டால், ஓராண்டு கழித்து இணைப்புகளின் ஓரத்தில் பெயிண்ட் கொப்பளிப்பது அதன் பலவீனம். எந்த முறையானாலும், வெறுமையான தகடு சில மணி நேரத்திலேயே செம்பழுப்பு நிறம் காட்டத் தொடங்கும். ஆகவே அன்றே எபாக்சி பிரைமர் என்ற துருத்தடுப்பு அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும்; வெல்டிங் வைக்கும் ஓரங்களில் மட்டும் பிறகு அதைச் சுரண்டிக்கொள்ளலாம்.

வெல்டிங்

பாடித் தகட்டின் தடிமன் பெரும்பாலும் 0.9 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை. இதற்கு 0.6 மில்லிமீட்டர் கம்பியும், ஆர்கானுடன் சிறிதளவு கரியமில வாயு கலந்த கலவையும் பொருந்தும். வெறும் கரியமில வாயுவிலும் வெல்டிங் நடக்கும்; ஆனால் மெல்லிய தகட்டில் சூடு அதிகமாகித் துளை விழும், சிதறலும் கூடும். வெல்டிங் செய்யும் இடத்தில் இரு பக்கமும் தகடு வெள்ளிபோல் மின்ன வேண்டும். துருவின்மேல் வைத்த வெல்டிங் பிடிக்காது.

தொழிற்சாலையில் புள்ளி வெல்டிங்கால் இணைத்த இடங்களை வீட்டில் துளை நிரப்பு வெல்டிங்கால் இணைக்கிறோம். மேல் தகட்டில் 6 மில்லிமீட்டர் துளைகளை, பழைய புள்ளிகள் இருந்த அதே இடைவெளியில் போடுங்கள். சேரும் உட்பரப்புகளில் துத்தநாகம் கலந்த, வெல்டிங்கைத் தாங்கும் பிரைமரைப் பூசி, இடுக்கிகளால் இரு தகடுகளையும் இடைவெளியின்றி இறுக்குங்கள். துளையின் நடுவில், அடித்தகட்டின்மீது கம்பி முனையை நிறுத்தி விசையை அழுத்துங்கள். அடித்தகட்டில் சிறு குளம் உருகிய பிறகே சுருளாக வெளியே நகர்ந்து துளையின் விளிம்பைத் தொட வேண்டும். மொத்தம் ஓரிரு நொடிகள். விளிம்பிலிருந்து தொடங்கினால் மேலே குமிழ் அழகாக நிற்கும், அடியில் ஒட்டியிருக்காது.

இதைக் காரில் செய்வதற்கு முன், அதே தடிமனுள்ள கழிவுத் துண்டுகளில் இருபது புள்ளிகளாவது வைத்துப் பாருங்கள். துண்டைத் திருப்பினால், ஒவ்வொரு புள்ளிக்கும் நேர்பின்னே நீலம் பாய்ந்த சிறு மேடு தெரிய வேண்டும். பிறகு அதை வைஸில் இறுக்கி, உளியால் இரு தகடுகளையும் பிரியுங்கள். புள்ளி அப்படியே நின்று, அதைச் சுற்றியுள்ள தகடு கிழிந்து பொத்தான்போல ஒட்டிக்கொண்டு வந்தால் வெல்டிங் உறுதி; புள்ளி சுத்தமாகக் கழன்று வந்தால் மின்னளவைக் கூட்டி மறுபடி பழக வேண்டும். பாரம் தாங்கும் பகுதியில் இந்தச் சோதனையில் தேறாத கை வேலை செய்யக் கூடாது. அப்படியானால் அளவெடுப்பதையும் பொருத்துவதையும் நீங்கள் செய்துவிட்டு, வெல்டிங்கை மட்டும் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதில் குறைவொன்றும் இல்லை.

ஓரத்தோடு ஓரம் சேரும் நீண்ட இணைப்புகளில் ஒரே ஓட்டமாக வெல்டிங் ஓட்டக் கூடாது. ஒரு புள்ளி இங்கே, அடுத்தது அரை அடி தள்ளி, அதற்கடுத்தது நடுவில் என்று தாவித் தாவி வைத்து, ஒவ்வொன்றும் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். வேலை முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒலித்தடுப்புப் பஞ்சிலும் மிச்சமிருந்த தார்ப்பூச்சிலும் பிடித்த தணல் மெல்லப் புகைந்துகொண்டே இருக்கும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

முதல் பூட்டல்

வெல்டிங் முடிந்தது; முட்டுகள் வெட்டப்பட்டன; கூடு தன்னந்தனியாக நிற்கிறது. இங்கேதான் பெரும்பாலோர் பெயிண்டுக்கு ஓடுகிறார்கள். நில்லுங்கள். முன்பின் சஸ்பென்ஷனை, மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் பழைய ரப்பர் புஷ்களோடேயே மாட்டிக் கூட்டைச் சக்கரங்களின்மேல் இறக்குங்கள். கதவு, முன் விங் (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு), பானட், டிக்கி மூடி, பம்பர், விளக்குகள், முன்கண்ணாடிச் சட்டம் அனைத்தையும் பூட்டுங்கள். கதவின் ரப்பர் பட்டையையும் ஒட்டிப் பாருங்கள், ஏனெனில் புது ரப்பர் தடித்து வந்தால் கதவு வெளியே தள்ளி நிற்கும். அதைச் சரிசெய்யக் கீலை நகர்த்த வேண்டிவரும்.

பூட்டும் வரிசைக்கு ஒரு நியாயம் உண்டு. அசையாதது முதலில், அசைவது அதற்கேற்ப. பின் விங் கூட்டோடு சேர்ந்தது. ஆகவே கதவைப் பின் விங்குக்குப் பொருத்துங்கள், முன் விங்கைக் கதவுக்குப் பொருத்துங்கள், பானட்டை இரு விங்குகளுக்கும் பொருத்துங்கள். இதைத் தலைகீழாகச் செய்தால் பிழை முழுவதும் கதவின் பின்னோரத்தில் வந்து குவியும். குறுகிய இடத்தில் மெல்ல அரத்தால் தேய்க்கலாம்; அகன்ற இடத்தில் ஓரத்தில் வெல்டிங் வரி ஒன்றை வைத்துத் தேய்த்து வடிவம் கொடுக்கலாம். பட்டியால் ஓரத்தை வளர்ப்பது நிலைக்காது, கதவை நாலு முறை அடித்துச் சாத்தினால் உதிரும்.

கண்ணாடிச் சட்டத்தின் கால்கள், எஞ்சின் தாங்கிகள், எக்ஸாஸ்ட் கொக்கிகள், பிரேக் குழாய்க் கிளிப்புகள், வயரிங் செல்லும் துளைகள் எல்லாவற்றையும் இப்போதே சரிபார்த்துத் துளையிட்டு முடியுங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் காலி உறைகளாகவேனும் ஒருமுறை உள்ளே இறங்கிப் பார்க்கட்டும். இனி வெல்டிங்கோ டிரில்லோ தேவையில்லை என்று உறுதியான பிறகு, எல்லாவற்றையும் படமெடுத்து, கதவு இடைவெளிகளை டிரில் பிட்டால் மறுபடி அளந்து தாளில் எழுதி, கீல்களுக்கு அடியில் வைத்த ஷிம்களின் (மெல்லிய இடைத்தகடுகளின்) எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, மீண்டும் பிரியுங்கள். இந்தக் கட்டம் சில மாதங்களை விழுங்கும். பெயிண்டுக்குப் பின் மிச்சமாகும் மனவேதனையோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

பிரைமர், பட்டி, பெயிண்ட்

எபாக்சி பிரைமரின்மேல் பட்டி. பட்டியின் தடிமன் 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள். அதற்குமேல் தேவைப்பட்டால் தகட்டை இன்னும் தட்டி நிமிர்த்த வேண்டும் என்று பொருள். நீண்ட கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, குறுக்கும் நெடுக்குமாக, 80 எண்ணில் தொடங்கி 180, 320 என்று ஏறுங்கள். தடித்துப் படியும் ஹை-பில்ட் பிரைமர் அடித்தபின் கருநிறத் தூளைப் பரப்பின்மேல் மெல்லத் தூவித் தேய்த்தால், பள்ளத்தில் கருமை தங்கும், மேட்டில் தகடு எட்டிப்பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத அலையை இப்படித்தான் பிடிக்க முடியும். கடைசியாக 500 அல்லது 600 எண்ணில் ஈரத்தேய்ப்பு. தகடுகள் சேரும் எல்லா மடிப்புகளிலும் பிரைமருக்குப் பின் நீர் புகாமல் அடைக்கும் சீம் சீலர் பசையை இழுக்க மறக்காதீர்கள்.

நிறப்பூச்சை வீட்டில் அடிக்கலாமா? கடினமாக்கி கலந்து அடிக்கும் நவீனப் பெயிண்டுகளில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நிரந்தர ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. சாதாரண கரி வடிகட்டி முகமூடி எப்போது தீர்ந்துபோனது என்று வாசனையால் அறிய முடியாது என்பதால், வெளியிலிருந்து தூய காற்று வரும் தலைக்கவசமின்றி அதை அடிக்கவே கூடாது. வீட்டோரக் கொட்டகையில், அண்டைவீட்டாரும் குழந்தைகளும் நடமாடும் இடத்தில், இந்த வேலையை நான் செய்ய மாட்டேன். தேய்ப்பு வேலை அனைத்தையும் நாமே முடித்துவிட்டு, நிறப்பூச்சுக்கு மட்டும் பெயிண்டிங் கூடத்துக்கு அனுப்புவதே சரி. செலவில் பெரும்பகுதி தேய்ப்புக் கூலிதான் என்பதால் அப்போதும் மிச்சம் உண்டு.

பெயிண்ட் நன்கு இறுகியபின் சில், தூண்கள், சேஸிஸ் பெட்டிகள் ஆகியவற்றின் உட்புறத்தில் துருவைத் தடுக்கும் கேவிட்டி மெழுகை நீண்ட குழாய் முனையால் தெளியுங்கள். வடிதுளைகளை மெழுகு அடைத்துவிட்டதா என்று கம்பி நுழைத்துப் பாருங்கள். அடைத்திருந்தால் நீர் தேங்கி, முதலில் வெட்டியெறிந்த அதே துரு அதே இடத்தில் மீண்டும் பிறக்கும்.

எஞ்சினும் ஓட்டப் பாகங்களும்

பெயிண்டிங் கூடத்தில் கூடு இருக்கும் வாரங்களில் எஞ்சினைப் பார்க்கலாம். எம்.ஜி.பி.யின் 1798 கன சென்டிமீட்டர் பி-சீரிஸ் எஞ்சின் எளிமையானது. கிராங்க் ஷாஃப்ட்டையும் சிலிண்டர்களையும் அளந்து, தேய்மானம் வரம்பு கடந்திருந்தால் பட்டறையில் கிரைண்டிங்கும் போரிங்கும் செய்யக் கொடுங்கள். மீதியை வீட்டு மேசையிலேயே பூட்டலாம். ஈயமில்லாப் பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளைக் கடினமானவையாக மாற்றிவிடுவது நல்லது. மெயின் பேரிங் போல்ட்டுகளுக்கு 95 நியூட்டன் மீட்டர், சிலிண்டர் ஹெட் நட்டுகளுக்கு 61 முதல் 68 நியூட்டன் மீட்டர் வரை, கையேட்டின் வரிசைப்படி படிப்படியாக இறுக்க வேண்டும். கேம் ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் புதிதானால் அவற்றுக்குரிய பூட்டல் பசையைத் தாராளமாகப் பூசி, துத்தநாகச் சேர்மானம் போதுமான அளவுள்ள எண்ணெயையே ஊற்றுங்கள்.

பிரேக் முழுவதும் புதிதாக வேண்டும்: வீல் சிலிண்டர், காலிப்பர் சீல், ஹோஸ், குழாய். குழாய்க்குத் தாமிர நிக்கல் கலவையைத் தேர்ந்தெடுங்கள்; அது துருப்பிடிக்காது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களை உள்ளிருந்து கரைக்கும் என்பதால் எரிபொருள் ஹோஸ்களையும் அதற்கேற்ற தரத்தில் மாற்றுங்கள்.

இரண்டாம் பூட்டல்

முதலில் எல்லா மரைத் துளைகளிலும் மரை வெட்டும் டேப் கருவியை விட்டுப் பெயிண்டை எடுங்கள். எம்.ஜி.பி.யில் இருப்பவை பெரும்பாலும் யு.என்.எஃப். எனப்படும் அங்குல அளவு மரைகள், மெட்ரிக் போல்ட்டை வற்புறுத்தித் திணித்தால் மரை சிதையும். பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் முதலில், பிறகு வயரிங். இந்தக் காரின் மின்பாகங்களைச் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் வயர்களுக்கு நிறமே மொழி: பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை என்றால் சாவி போட்டபின் வருவது, பச்சை அதே மின்சாரம் ஃபியூஸ் கடந்து வருவது, ஊதா எப்போதும் உயிருள்ள ஃபியூஸ் இணைப்பு, கருப்பு எர்த். எர்த் சேரும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டி, நட்சத்திர வாசர் வைத்து, மேலே கிரீஸ் பூசுங்கள். புதிதாக மீட்டெடுத்த கார்களின் மின்கோளாறுகளில் பெரும்பாலானவை அழகான பெயிண்டின்மேல் பூட்டிய எர்த்தால் வருபவையே. 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பாசிட்டிவ் முனைதான் எர்த் என்பதைப் பேட்டரி மாட்டும் முன் நினைவிற்கொள்க.

ஹீட்டர் பெட்டியை டேஷ்போர்டுக்கு முன்பே பொருத்திவிடுங்கள். முன்கண்ணாடிச் சட்டமும் அப்படியே. அதன் கால் போல்ட்டுகளுக்கு டேஷ்போர்டு இல்லாதபோதுதான் கை எட்டும். பிரேக் திரவம் பெயிண்டை உரித்துவிடும் என்பதால் அதை ஊற்றும் நாளில் ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்திருங்கள். சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் அந்தரத்தில் இருக்கும்போது விரலிறுக்கத்தில் மட்டும் விட்டு, சக்கரங்களில் இறங்கித் தன் உயரத்தில் நின்றபின் முழு டார்க்குக்கு இறுக்க வேண்டும். இல்லையேல் புஷ் முறுகிய நிலையிலேயே உறைந்து சில மாதங்களில் கிழியும்.

முதல் ஓட்டம்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த மானி உயரும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள். வெடிப்பு வரிசை 1-3-4-2. வால்வு இடைவெளி 0.38 மில்லிமீட்டர். புதுக் கேம் ஷாஃப்ட் போட்டிருந்தால், எஞ்சின் பற்றியதும் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்று அளவில் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். எனவே டைமிங், நீர், பெட்ரோல் கசிவு எல்லாவற்றையும் அதற்கு முன்பே சரிபார்த்துவிட வேண்டும். உதவிக்கு ஒருவர் தீயணைப்பானோடு நிற்பது அவசியம்.

முதல் சில கிலோமீட்டர்களை நடைவேகத்தில், பிரேக்கை மட்டும் சோதித்தபடி ஓட்டுங்கள். 50 கிலோமீட்டரில் சக்கர நட்டுகளையும் ஸ்டியரிங் இணைப்புகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். 800 கிலோமீட்டரில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சிலிண்டர் ஹெட் நட்டுகளையும் வால்வு இடைவெளியையும் சரிபாருங்கள். அன்றே அந்த 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டுக்கு மெல்லிய ஒட்டுநாடா சுற்றி, இரு கதவுகளின் இடைவெளியிலும் மேலிருந்து கீழ்வரை இழுத்து, முதல் பூட்டலில் எழுதிவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். அரை மில்லிமீட்டருக்குள் அவை ஒத்திருந்தால் சில்கள் தம் வேலையைச் செய்கின்றன. மாறியிருந்தால் காரை மேலே தூக்கி, வெல்டிங் வரிகளை ஒவ்வொன்றாக விளக்கொளியில் பார்க்க வேண்டும்.